பிரைவசி பாத்து ஸ்மார்ட்வாட்ச் வாங்கறது எப்படி: ஆப்ல ஆரம்பிச்சு வாட்ச்ல முடிக்கணும்

ஸ்மார்ட்வாட்ச் ரிவ்யூனு எத எடுத்தாலும் டிஸ்ப்ளே எவ்ளோ பிரைட்டு, பேட்டரி எத்தன நாள் நிக்கும், ஸ்ட்ராப் மாத்தலாமா, இதுதான் ஓடும். நம்ம இதயத்துடிப்பு, தூக்கம், எந்தத் தெருவுல நடக்கறோம், யாரு நமக்கு மெசேஜ் போடறா, இத்தனையும் பாக்குற சாமான் அந்தத் தகவல எங்க கொண்டு போய்க் கொட்டுதுங்கறதுக்கு ஒரு வரி கூட இருக்காது. இந்த வழிகாட்டி அது ஒண்ண மட்டும்தான் பேசப்போகுது. டிஸ்ப்ளே பத்தி வேற யாராவது சொல்லுவாங்க.

வாட்ச் பேசாது, ஆப்தான் பேசும்

நம்ம ஊர்ல ரூ.1,500ல இருந்து ரூ.5,000 வரைக்கும் விக்கிற வாட்ச்ல பெரும்பாலானதுக்கு சொந்தமா இன்டர்நெட்டே கிடையாது. சிம் இல்ல, வைஃபை இல்ல, வெறும் ப்ளூடூத்துதான். அதனால வாட்ச்ல இருக்கற எந்தத் தகவலும் வெளிய போகணும்னா உங்க போன்ல இருக்கற அந்தக் கம்பெனி ஆப் வழியாத்தான் போயாகணும், வேற வழியே இல்ல. இத மட்டும் புரிஞ்சுகிட்டா பாதி வேல முடிஞ்சுது, ஏன்னா நீங்க தேர்ந்தெடுக்க வேண்டியது வாட்ச் இல்ல, ஆப். நல்ல ஆப் இருந்தா சுமாரான வாட்ச் கூட ஓகே, மோசமான ஆப்னா எவ்ளோ பளபளப்பான வாட்ச் ஆனாலும் வேணாம்.

விதிவிலக்கு ரெண்டு வகை. ஆப்பிள் வாட்ச், சாம்சங் கேலக்ஸி வாட்ச், பிக்சல் வாட்ச் மாதிரி வைஃபையும், சில மாடல்ல சிம்மும் இருக்கறது ஒண்ணு, குழந்தைங்களுக்கு விக்கிற சிம் போட்ட வாட்ச் இன்னொண்ணு. இதெல்லாம் போன் பக்கத்துல இல்லாமலே நேரா சர்வர்கிட்ட பேசும். குழந்தைங்க வாட்ச் பத்தி கீழ தனியா சொல்றேன், அது கொஞ்சம் சீரியஸான விஷயம்.

உங்களுக்கு உண்மையிலேயே என்ன வேணும்?

ஸ்டெப் எண்ணணும், போன் வந்தா கை அதிரணும், தூக்கம் பாக்கணும், இவ்ளோதான்னா உங்களுக்கு ஜிபிஎஸ் வேணாம், மைக் வேணாம், வாட்ச்லயே கால் பேசற வசதி வேணாம். ஒவ்வொரு வசதிக்கும் பின்னாடி ஒரு பர்மிஷன் ஒளிஞ்சிருக்கு. ப்ளூடூத் காலிங்னா கான்டாக்ட்ஸ், கால் ஹிஸ்டரி எல்லாம் கேக்கும். ஓட்டத்த மேப்ல பாக்கணும்னா லொகேஷன். சும்மா ஆஃபர்ல இருக்கேனு எல்லா வசதியும் இருக்கறத வாங்கிட்டு அப்புறம் பர்மிஷன ஒண்ணொண்ணா புடுங்கறதுக்கு பதிலா, முதல்லயே அந்த வசதி இல்லாத மாடல வாங்கிட்டா தலவலி கம்மி.

யாருகிட்ட இருந்து மறைக்கணும்னும் ஒரு நிமிஷம் யோசிச்சுக்கோங்க. விளம்பரக் கம்பெனியா, இன்ஷூரன்ஸா, ரோட்டுல போற முன்பின் தெரியாத ஆளா, இல்ல உங்க போன எடுத்துப் பாக்கற வீட்டு ஆளா? இன்ஷூரன்ஸ்னதும் சிரிக்காதீங்க, அமெரிக்காவுல ஜான் ஹான்காக்னு ஒரு பெரிய கம்பெனி 2018ல, இனிமே நாங்க விக்கிற லைஃப் பாலிசி எல்லாத்துலயும் ஃபிட்னஸ் டிராக்கிங் திட்டம் சேந்தே வரும்னு அறிவிச்சாங்க. இங்கயும், தெனம் இத்தன ஸ்டெப் நடந்தா தள்ளுபடினு சொல்ற ஹெல்த் பாலிசி இருக்கு. இன்னிக்கு நடந்தா தள்ளுபடி, நாளைக்கு நடக்கலன்னா பிரீமியம் ஏறுமாங்கறது நீங்களே யோசிக்க வேண்டிய கேள்வி.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஆப்ப இறக்கிப் பாருங்க

இதுதான் இந்த வழிகாட்டியிலயே முக்கியமான ஸ்டெப், ஆனா யாருமே செய்யறதில்ல. வாட்ச் இல்லாமலே ஆப்ப இறக்கிப் பாக்கலாம், ஃப்ரீ தான்.

பாக்ஸ்லயோ ஆன்லைன் பக்கத்துலயோ அந்த வாட்சுக்கு எந்த ஆப்னு போட்டிருப்பாங்க. பெரிய பிராண்டுனா அவங்க பேர்லயே இருக்கும், மலிவு வாட்ச் நெறையவுக்கு டா ஃபிட் மாதிரி பொதுவான ஒரு சைனா ஆப்பா இருக்கும், அதாவது வாட்ச் மேல ஒரு கம்பெனி பேரு, டேட்டா போறது இன்னொரு கம்பெனிக்கு. ப்ளே ஸ்டோர்ல அந்த ஆப்ப தேடி, டெவலப்பர் யாருனு பாருங்க. வாட்ச் கம்பெனியும் டெவலப்பரும் வேற வேறயா இருந்தா நீங்க நம்ப வேண்டியது ரெண்டு பேரன்னு அர்த்தம்.

அப்புறம் டேட்டா சேஃப்டினு ஒரு பகுதி இருக்கும், 2022ல இருந்து ப்ளே ஸ்டோர்ல அது கட்டாயம். ஆப்பிள்ல 2020 டிசம்பர்லயே வந்துடுச்சு. பாக்கலாம், ஆனா ரொம்ப நம்பிடாதீங்க, அது டெவலப்பரே தன்னப்பத்தி எழுதிக் குடுக்கறது. "நாங்க யாருக்கும் குடுக்கறதில்ல"ன்னு எழுதிட்டுப் போறதுக்கு ஒரு நிமிஷம் போதும். அதனால அடுத்து எக்ஸோடஸ் பிரைவசினு ஒரு சைட் இருக்கு, பிரான்ஸ்ல இருக்கற லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்தறது, அதுல ஆப் பேர குடுத்தா உள்ள என்னென்ன டிராக்கர் கோட் (நம்மள கண்காணிச்சு வேற கம்பெனிக்கு தகவல் அனுப்பற கோட்) இருக்கு, எத்தன பர்மிஷன் கேக்குதுன்னு பிரிச்சு காட்டும். ஃபேஸ்புக்கோட கோட் இருக்கா, விளம்பர கோட் இருக்கானு பாருங்க. தூக்கத்த அளக்கற ஆப்புக்கு விளம்பர டிராக்கர் எதுக்குங்க?

இப்ப ஆப்ப இன்ஸ்டால் பண்ணித் திறங்க. நேரா உள்ள விடுதா, இல்ல மொபைல் நம்பர், ஓடிபி, பிறந்த தேதி, உயரம், எடைனு லைன் கட்டி கேக்குதா? "கெஸ்ட்" இல்ல "ஸ்கிப்"னு ஒரு சின்ன பட்டன் மூலையில கண்ணுக்குத் தெரியாத கலர்ல இருக்கானு தேடுங்க, சில ஆப்ல இருக்கு. அக்கவுண்ட் இல்லாம ஓடற ஆப்னா பெரிய பிளஸ். அக்கவுண்ட் கட்டாயம்னா, வேற எதுக்கும் பயன்படுத்தாத ஒரு மெயில் ஐடிய போட்டு உள்ள போய் செட்டிங்ஸ்ல அக்கவுண்ட் டெலீட் பண்ற வழி இருக்கா பாருங்க. அக்கவுண்ட் ஓப்பன் பண்ண விடற ஆப் டெலீட் பண்ணவும் வழி குடுக்கணும்னு ஆப்பிளும் கூகுளும் ரெண்டுமே ரூல் போட்டிருக்கு, அப்படியும் அத தேடித் தேடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தா அந்தக் கம்பெனி மனசு உங்களுக்கு தெரிஞ்சிடும்.

அக்கவுண்ட்னா என்ன, பேரும் நம்பரும் தானேனு தோணலாம். 2024 ஏப்ரல்ல போட் கம்பெனியோட சுமார் 75 லட்சம் வாடிக்கையாளர்களோட பேரு, முகவரி, போன் நம்பர் எல்லாம் டார்க் வெப்ல வந்துடுச்சுனு செய்தி வந்துது. 2021ல கெட்ஹெல்த்னு ஒரு சர்வீஸ், பல வியரபிள்ல இருந்து டேட்டாவ ஒண்ணா சேக்கறவங்க, அவங்களோட டேட்டாபேஸ் பாஸ்வேர்டே இல்லாம திறந்து கிடந்துது, 6.1 கோடி ரெக்கார்டு, ஃபிட்பிட், ஆப்பிள் ஹெல்த்ல இருந்து வந்ததெல்லாம் அதுல. வாட்ச் வாங்கினவங்க நெறைய பேருக்கு அப்படி ஒரு கம்பெனி இருக்கறதே தெரிஞ்சிருக்காது. நீங்க குடுக்காத தகவல் மட்டும்தான் லீக் ஆகாது.

பர்மிஷன்ல எது சரி, எது அநியாயம்

நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ். இதப்பத்தித்தான் நான் ரொம்ப கவலப்படுவேன், மக்கள் ரொம்ப கேஷுவலா ஓகே குடுக்கறதும் இதுக்குத்தான். வாட்ஸ்ஆப் மெசேஜ் கையில தெரியணும்னா இது தேவ, வாஸ்தவம். ஆனா இத குடுத்தா பேங்க் ஓடிபி, டாக்டர் அப்பாயின்ட்மென்ட், ஆபீஸ் மெயில் தலைப்பு, போன் திரையில வர்ற எல்லா நோட்டிஃபிகேஷனையும் அந்த ஆப் படிக்கலாம். வாட்ச் ஆப்ல "வாட்ஸ்ஆப் மட்டும்"னு டிக் பண்ணா அது வாட்சுக்கு எத அனுப்பணும்ங்கறதுக்கான செட்டிங், ஆப் எத படிக்கலாம்ங்கறதுக்கான செட்டிங் இல்ல, இந்த வித்தியாசத்த நெறைய பேர் கவனிக்கறதே இல்ல. புது ஆண்ட்ராய்டு போன் சிலதுல நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ் பக்கத்துல எந்தெந்த ஆப்போடத படிக்கலாம்னு பிரிச்சு குடுக்கற வசதி இருக்கு, இருந்தா பேங்க் ஆப்பையும் எஸ்எம்எஸ் ஆப்பையும் எடுத்து விட்டுடுங்க. நம்பிக்கை இல்லாத ஆப்னா இந்தப் பர்மிஷனே குடுக்காதீங்க, போன் வந்தா அதிர்ந்தா போதும்.

லொகேஷன். இதுல ஒரு பழைய கத இருக்கு. ஆண்ட்ராய்டு 11 வரைக்கும், பக்கத்துல இருக்கற ப்ளூடூத் சாமான தேடறதுக்கே லொகேஷன் பர்மிஷன் குடுத்தாகணும்ங்கற நிலம, அதனால அப்ப எந்த வாட்ச் ஆப் கேட்டாலும் நியாயம்தான். 2021ல வந்த ஆண்ட்ராய்டு 12ல நியர்பை டிவைசஸ்னு தனி பர்மிஷன் வந்துடுச்சு. அதனால புது போன்ல "கனெக்ட் பண்றதுக்கு லொகேஷன் வேணும், அதுவும் எப்பவும் வேணும்"னு ஒரு ஆப் அடம்பிடிச்சா, ஒண்ணு சோம்பேறி டெவலப்பர், இல்ல வேற நோக்கம். மழை வருமானு பாக்க லொகேஷன் கேட்டா ஊர் பேர கையால டைப் பண்ண விடுதானு பாருங்க.

கான்டாக்ட்ஸ், கால் ஹிஸ்டரி: கூப்பிடறவங்க பேரு வாட்ச்ல தெரியணும்னா தேவப்படும், நம்பர் மட்டும் தெரிஞ்சா போதும்னா தேவையில்ல. எஸ்எம்எஸ் படிக்கற பர்மிஷன் தனியா கேட்டா குடுக்காதீங்க. கேலரி, மைக், கேமரா எல்லாம் வாட்ச்ஃபேஸ் மாத்தறது, ரிமோட்டா போட்டோ எடுக்கறது மாதிரி வேலைக்கு, அந்த நேரத்துக்கு மட்டும் குடுத்துட்டு எடுத்துடலாம்.

ஒரு சின்ன விஷயம், மோஷன் சென்சாரும் சாதாரணமில்ல. 2016ல பிங்ஹாம்ப்டன் பல்கலைக்கழகமும் ஸ்டீவன்ஸ் இன்ஸ்டிடியூட்டும் சேந்து செஞ்ச ஆராய்ச்சியில, கையில கட்டின டிவைஸோட அசைவ வெச்சே ஏடிஎம் மாதிரி கீபேட்ல போட்ட பின் நம்பர முதல் தடவையிலயே 80% சரியா கண்டுபிடிச்சாங்க, மூணு தடவ முயற்சி பண்ணா 90%க்கு மேல. இதுக்காக பயந்து வாட்ச கழட்டி வைக்க வேணாம், ஏடிஎம்ல வாட்ச் கட்டாத கையால அமுக்குங்க, அவ்ளோதான்.

சரி, எத வாங்கறது?

ஐபோன் வெச்சிருக்கவங்களுக்கு பதில் சுலபம், பர்ஸ் தாங்கினா ஆப்பிள் வாட்ச். டூ ஃபேக்டர் (பாஸ்வேர்டோட இன்னொரு கோடும் கேக்கற லாகின்) ஆன்ல இருந்தா ஐகிளவுட்ல போற ஹெல்த் டேட்டா எண்ட் டு எண்ட் என்கிரிப்ட் ஆயிடும், ஆப்பிளாலயே படிக்க முடியாது. ஆனா நீங்க வேற ஏதாவது ஓட்டப்பயிற்சி ஆப்புக்கு ஹெல்த் டேட்டா படிக்க அனுமதி குடுத்தா அங்க இருந்து அது எங்க வேணா போகும், அதுக்கு ஆப்பிள் பொறுப்பில்ல.

ஃபிட்பிட்ட கூகுள் 2021 ஜனவரியில முழுசா வாங்கிடுச்சு, 210 கோடி டாலருக்கு. ஹெல்த் டேட்டாவ விளம்பரத்துக்கு எடுக்க மாட்டோம்னு சொல்லியிருக்காங்க, ஐரோப்பிய கமிஷன் அத நம்பாம 10 வருஷத்துக்கு நிபந்தனையாவே எழுதி வாங்கிச்சு. அந்த நிபந்தனை ஐரோப்பாக்காரங்களுக்குத்தான், நமக்கு வெறும் வார்த்த. ஏற்கனவே உங்க மெயில், மேப், யூடியூப் எல்லாம் கூகுள்ல இருந்தா, இதயத்துடிப்பையும் அங்கயே சேக்கணுமானு யோசிங்க.

கார்மின் எனக்குப் பிடிச்ச ஒரு காரணம் என்னன்னா, நெறைய மாடல்ல ஆப்பே இல்லாம ஓட்டலாம். ஓடிட்டு வந்து யூஎஸ்பி ஒயர கம்ப்யூட்டர்ல சொருகினா, உள்ள ஆக்டிவிட்டி ஃபோல்டர்ல ஃபைலா இருக்கும், காப்பி பண்ணி கோல்டன்சீட்டா மாதிரி ஓப்பன் சோர்ஸ் (கோட யார் வேணா பாத்து சோதிக்கலாம்) சாஃப்ட்வேர்ல பாக்கலாம், ஒரு பைட்டு கூட வெளிய போகாது. 2020 ஜூலைல ரான்சம்வேர் (டேட்டாவ பூட்டி வெச்சு காசு கேக்கற வைரஸ்) தாக்கி கார்மின் சர்வர் நாள்கணக்குல முடங்கினப்போ ஊரே ஸ்தம்பிச்சுது, ஒயர் சொருகறவங்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்ல. விலதான் கொஞ்சம் கடிக்கும்.

ஆண்ட்ராய்டு வெச்சிருக்கற, பட்ஜெட்டும் பாக்கற ஆளுக்கு என் பதில் ஒண்ணுதான்: கேட்ஜெட்பிரிட்ஜ். இது கம்பெனி ஆப்புக்கு பதிலா போடற ஓப்பன் சோர்ஸ் ஆப், இதுக்கு இன்டர்நெட் பர்மிஷனே கிடையாது, அதாவது ஆசப்பட்டாலும் டேட்டாவ வெளிய அனுப்ப முடியாது. ஸ்டெப், தூக்கம், இதயத்துடிப்பு எல்லாம் போன்லயே தங்கும். அமேஸ்ஃபிட், ஷாவ்மி பேண்ட், ஹுவாவே பேண்ட், சிஎம்எஃப் வாட்ச் ப்ரோ, கேசியோ சில மாடல், பழைய பெப்பிள்னு பெரிய லிஸ்ட் இருக்கு. அதனால கடையில ஆஃபர் பாக்கறதுக்கு முன்னாடி கேட்ஜெட்பிரிட்ஜ் சைட்ல டிவைஸ் லிஸ்ட திறந்து, சரியான மாடல் பேரு அதுல இருக்கா, எந்த அளவுக்கு வேல செய்யும்னு போட்டிருக்கானு பாத்துட்டு வாங்குங்க. "ப்ரோ", "லைட்"னு வால் மாறினா உள்ள சிப்பே மாறியிருக்கலாம், அதனால வால் வரைக்கும் பாருங்க.

இன்னும் ஒரு படி மேல போகணும்னா வாட்ச் உள்ள இருக்கற சாஃப்ட்வேரே ஓப்பன் சோர்ஸா இருக்கறது இருக்கு. பைன்64 காரங்களோட பைன்டைம் 27 டாலர் அளவுதான், இன்ஃபினிடைம்னு ஒரு கம்யூனிட்டி சாஃப்ட்வேர் ஓடும், ஜிபிஎஸ் இல்ல, இதயத்துடிப்பு சுமார், ஆனா முழுக்க நம்முது. பேங்கிள் ஜேஎஸ் 2ல ஜிபிஎஸ் உண்டு, வெயில்லயும் தெரியற எப்பவும் ஆன்ல இருக்கற திரை, கோட் எழுதத் தெரிஞ்சா நாமளே ஆப் போடலாம். பெப்பிளும் திரும்பி வந்திருக்கு, 2025 ஜனவரியில கூகுள் அந்த ஓஎஸ்ஸோட சோர்ஸ் கோட வெளியிட்டதும் அத ஆரம்பிச்ச எரிக் மிஜிகோவ்ஸ்கியே மறுபடி வாட்ச் போட ஆரம்பிச்சுட்டாரு. இதெல்லாம் வெளிநாட்டுல இருந்து வரவழைக்கணும், ஷிப்பிங், கஸ்டம்ஸ் டியூட்டி சேத்து கணக்கு போட்டுக்கோங்க, வாரண்டிக்கு ஓட சர்வீஸ் சென்டரும் இருக்காது.

கேட்ஜெட்பிரிட்ஜ் போடறது

ப்ளே ஸ்டோர்ல தேடாதீங்க, எஃப்-டிராய்ட்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் ஆப் ஸ்டோர் இருக்கு, அத முதல்ல போட்டு அதுல இருந்து இறக்குங்க. பைன்டைம், பேங்கிள், பழைய பெப்பிள் எல்லாம் பிளஸ் பட்டன அமுக்கினா நேரா சேந்துக்கும்.

அமேஸ்ஃபிட், ஷாவ்மி வகையில நெறைய மாடலுக்கு ஒரு சாவி தேவ, அதாவது வாட்சுக்கும் ஆப்புக்கும் நடுவுல இருக்கற ரகசிய கோட். அது கம்பெனி சர்வர்லதான் உருவாகும், அதனால ஒரே ஒரு தடவ கம்பெனி ஆப்ப போட்டு, தனி மெயில் ஐடியில அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி, வாட்ச ஜோடி சேத்து, அப்டேட் இருந்தா அதையும் முடிச்சுட்டு, சாவிய எடுக்கணும். எடுக்கறதுக்கு ஹுவாமி-டோக்கன்னு ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் (கம்ப்யூட்டர்ல ஓட்டற சின்ன புரோகிராம்) இருக்கு, உங்க மாடலுக்கு எது சரிப்படும்னு கேட்ஜெட்பிரிட்ஜ் சைட்லயே பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க, கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரிஞ்ச தம்பி தங்கச்சி யாராவது கூட இருந்தா நல்லது.

இங்கதான் கவனம். சாவி கிடைச்சதும் கம்பெனி ஆப் உள்ள போய் "அன்பேர்" குடுக்கக் கூடாது, குடுத்தா சாவி செத்துடும். வாட்ச ஃபேக்டரி ரீசெட்டும் பண்ணக் கூடாது. ஆப்ப அப்படியே அன்இன்ஸ்டால் பண்ணிட்டு, போனோட ப்ளூடூத் லிஸ்ட்ல அந்த வாட்ச மட்டும் எடுத்துட்டு, கேட்ஜெட்பிரிட்ஜ்ல வாட்ச தேடி, பேர அழுத்திப் பிடிச்சு, வர்ற இடத்துல சாவிய ஒட்டுங்க. சாவிய பத்திரமா எங்கயாவது எழுதி வைங்க.

நஷ்டமும் சொல்லிடறேன், வாட்ச்ஃபேஸ் கடையெல்லாம் இருக்காது, அலங்காரமான தூக்க ஸ்கோர் வராது, போன் தொலைஞ்சா டேட்டாவும் போச்சு. அதனால ஆப்லயே இருக்கற எக்ஸ்போர்ட் வசதிய அப்பப்ப போட்டு காப்பி எடுத்து வைங்க.

ஏற்கனவே வாங்கியாச்சுன்னா

தூக்கிப் போட வேணாம். கம்பெனி ஆப்போட பர்மிஷன் பக்கத்துக்குப் போய் மேல சொன்னபடி கழிங்க. அப்புறம் நெட்கார்டுன்னு ஒரு ஃபயர்வால் ஆப் (எந்த ஆப்புக்கு நெட் போகணும்னு தடுக்கறது) இருக்கு, போன ரூட் பண்ண (பூட்டு உடைக்க) தேவையில்ல, அதுல வாட்ச் ஆப்புக்கு மட்டும் வைஃபையும் மொபைல் டேட்டாவும் கட் பண்ணிடுங்க. நெறைய ஆப் லாகின் ஆன பிறகு நெட் இல்லாமலே வாட்ச்ல இருந்து ஸ்டெப்ப எடுத்து காட்டும். சில ஆப் முரண்டு பிடிக்கும், அதோட குணம் அப்பத் தெரிஞ்சிடும். நெட்கார்டு விபிஎன் இடத்த எடுத்துக்கும், அதனால வேற விபிஎன் ஓட்டறவங்களுக்கு இது ஒத்துவராது. ப்ரொஃபைல்ல பேருக்கு ஒரு எழுத்து, பிறந்த தேதிக்கு வருஷம் மட்டும் சரியா இருந்தா போதும், கலோரி கணக்குக்கு வயசு, எடை, உயரம் மாதிரி விவரம்தான் வேணும், உங்க பேரு வேணாம்.

மாதவிடாய் கணக்கு வைக்கறவங்க இத வாட்ச் ஆப்ல போடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ யோசிங்க. ஃப்ளோங்கற பிரபலமான ஆப், பயனர் தகவல ஃபேஸ்புக் மாதிரி கம்பெனிகளுக்கு அனுப்பிச்சுனு அமெரிக்காவுல நுகர்வோர பாதுகாக்கற எஃப்டிசி குற்றம் சாட்டி 2021ல செட்டில்மென்ட் ஆச்சு. டிரிப்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் ஆப் இருக்கு, டேட்டா போன்லயே இருக்கும், அது போதும்.

ஓடறவங்க, சைக்கிள் ஓட்டறவங்க

வாட்ச் நல்லதா இருந்தும் ஸ்ட்ராவால (ஓட்டம், சைக்கிள் பதிவ எல்லாரோடயும் பகிர்ற ஆப்) கனெக்ட் பண்ணி எல்லாத்தையும் ஊருக்குக் காட்டறவங்க இருக்காங்க. 2018 ஜனவரியில ஸ்ட்ராவாவோட உலக ஹீட்மேப்ல (எல்லாரும் ஓடற பாதைய சேத்துக் காட்டற மேப்), பாலைவனத்துக்கு நடுவுல வெளிச்சமா தெரிஞ்ச கோடுகள வெச்சு ராணுவ முகாம் எங்க இருக்குனு கண்டுபிடிச்சாங்க. 2024ல பிரான்ஸோட லெ மோந்த் பத்திரிகை, மக்ரோன், பைடன், புதின் பாதுகாவலர்களோட ஓட்டப் பதிவ வெச்சே தலைவர்கள் எங்க தங்கறாங்கனு காட்டிச்சு. பயிற்சி எடுத்த பாதுகாவலருக்கே இந்த கதின்னா, தெனம் காலையில ஒரே நேரம் ஒரே தெருவுல ஓடற பொண்ணுக்கு?

ஸ்ட்ராவா செட்டிங்ஸ்ல ஆக்டிவிட்டிய "எல்லாருக்கும்"ல இருந்து மாத்துங்க, வீட்டுக்கும் ஆபீஸுக்கும் பக்கத்துல ஆரம்பிக்கற, முடியற பகுதிய மறைக்கற வசதிய ஆன் பண்ணுங்க, ஹீட்மேப்புக்கு டேட்டா குடுக்கறத ஆஃப் பண்ணுங்க. பழைய பதிவு தானா மாறாது, அத தனியா மொத்தமா எடிட் பண்ணணும்.

குழந்தைங்க சிம் வாட்ச்

பயத்துல வாங்கறோம், புரியுது. ஆனா 2017 அக்டோபர்ல நார்வே நுகர்வோர் கவுன்சில் சில மாடல சோதிச்சப்போ, வெளி ஆளு உள்ள புகுந்து குழந்த இருக்கற இடத்த பாக்க முடிஞ்சுது. அடுத்த மாசமே ஜெர்மனி, சத்தமில்லாம சுத்தி நடக்கறத ஒட்டுக்கேக்கற வசதி இருக்கற குழந்தை வாட்ச தடை பண்ணி, வாங்கினவங்கள உடைச்சுப் போடச் சொல்லிச்சு. 2019ல சேஃப்-கிட்-ஒன்னு ஒரு வாட்ச ஐரோப்பாவுல திரும்பப் பெறச் சொன்னாங்க, சர்வர்கிட்ட அது என்கிரிப்ஷனே இல்லாம பேசிட்டிருந்துது. பேரு தெரியாத பிராண்டுல ரிமோட் லிசனிங்னு பாக்ஸ்ல போட்டிருந்தா அங்கயே வெச்சுட்டு வந்துடுங்க.

சட்டம் காப்பாத்துமா?

ஓரளவு. 2011ல வந்த ஐடி விதிகள் உடல்நலத் தகவல "சென்சிடிவ்"னு தனியா வெச்சுது. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துல அப்படி ஒரு தனி வகையே இல்ல, உங்க இதயத்துடிப்பும் உங்க மெயில் ஐடியும் ஒரே தராசு. ஆனா அனுமதிய திரும்ப எடுக்கற உரிமையும், அழிக்கச் சொல்ற உரிமையும் அதுல இருக்கு, அபராதம் ரூ.250 கோடி வரைக்கும். விதிகள் 2025 நவம்பர்ல வந்துது, கம்பெனிகளுக்கு 18 மாசம் டைம். அதுவரைக்கும் பிரைவசி பாலிசியில இருக்கற குறைதீர்ப்பு மெயில் ஐடிக்கு எழுதி டெலீட் கேக்கலாம், எழுத்துல இருக்கட்டும்.

விக்கும்போது, குடுக்கும்போது

வாட்ச்ல ஃபேக்டரி ரீசெட் பண்ணா வாட்ச் மட்டும்தான் காலி, சர்வர்ல எல்லாம் அப்படியே இருக்கும். அதனால வரிச முக்கியம்: முதல்ல டேட்டாவ எக்ஸ்போர்ட் பண்ணி எடுத்துக்கோங்க, அடுத்து ஆப்ல அன்பேர், ஆப்பிள்னா அன்பேர் பண்ணும்போதே ஆக்டிவேஷன் லாக் (வேற யாரும் வாட்ச பயன்படுத்த முடியாம உங்க ஆப்பிள் ஐடில போடற பூட்டு) எடுபடும், இல்லன்னா வாங்கினவரு மறுநாளே போன் போடுவாரு. அப்புறம் அக்கவுண்ட் டெலீட், அதுக்கப்புறம்தான் ஆப் அன்இன்ஸ்டால். ஆப்ப முதல்ல தூக்கிட்டா அக்கவுண்ட் டெலீட் பண்ண மறுபடி இறக்கி ஓடிபி போட்டு உள்ள போகணும், பாதி பேரு அங்கயே விட்டுடுவாங்க. கடைசியா கூகுள் அக்கவுண்ட், ஸ்ட்ராவா, ஹெல்த் கனெக்ட் (ஆண்ட்ராய்டுல ஆப்புங்க ஹெல்த் டேட்டாவ பகிர்ந்துக்கற இடம்) மூணுலயும் போய் அந்த வாட்ச் ஆப்போட இணைப்பு இன்னும் ஒட்டிட்டிருக்கானு பாத்து எடுத்து விடுங்க.